ராணுவம், உளவுத்துறை, அரசியல்வாதிகள்: சர்வாதிகாரத்துக்குள் நடக்கும் மும்முனைப் போட்டி

1742 அக்டோபரில் ஆற்காட்டு நவாப் சப்தர் அலி கான் வேலூரில் கொல்லப்பட்டார். கொல்ல ஏற்பாடு செய்தவர் வெளியாள் இல்லை. வேலூர்க் கோட்டையின் கில்லேதார் (கோட்டைத் தலைவர்), நவாபின் சகோதரியை மணந்தவர், முர்தஸா அலி. நிஜாமுக்குக் கட்ட வேண்டிய பேஷ்குஷ் என்ற கப்பத்தின் பாக்கிக்காக நவாப் தன் உறவினர்களையும் கில்லேதார்களையும் பணம் கேட்டு நெருக்கிக்கொண்டிருந்த நேரம் அது. கொலை முடிந்ததும் முர்தஸா அலி ஆற்காட்டுக்குப் போய்த் தன்னையே நவாபாக அறிவித்துக்கொண்டார். கோட்டை அவரிடம், கஜானா அவரிடம். ஆனால் ஆற்காட்டில் இருந்த படை சம்பள பாக்கியைக் கேட்டுத் திரண்டது. சில நாளிலேயே அவர் பெண் வேடமிட்டு, மூடுபல்லக்கில் ஏறி, இரவோடு இரவாக வேலூருக்குத் தப்பி ஓட வேண்டியதாயிற்று.

இன்றைக்குச் செய்திகளில் வரும் ஆட்சிக் கவிழ்ப்புகளைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல தொடக்கம் வேண்டியதில்லை. ஆட்சியாளரைத் தீர்த்துக்கட்டுவது ஒரு வேலை. படையைத் தன் பக்கம் வைத்திருப்பது வேறு வேலை. முதல் வேலையை முடித்தவர்களில் பலர் இரண்டாவதில் தோற்றிருக்கிறார்கள்.

சர்வாதிகார ஆட்சி என்றதும் ஒரே ஆள், ஒரே உத்தரவு, எல்லோரும் அடிபணிவு என்ற படம்தான் மனதில் வரும். நடைமுறை அப்படி இல்லை. ஓட்டுப் போட்டு மாற்ற முடியாத ஆட்சியில் தலைவருக்கு முதல் பயம் தெருவில் நிற்கும் மக்கள் அல்ல, தன் அறைக்கு வெளியே நிற்கும் ஆட்கள்தான். 1946 முதல் 2008 வரை சட்டத்துக்குப் புறம்பான வழியில் பதவி இழந்த சர்வாதிகாரிகளைக் கணக்கெடுத்தபோது, மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்டோரைத் தள்ளியவர்கள் ஆட்சிக்கு உள்ளேயே இருந்தவர்கள் என்று தெரிந்தது. மக்கள் எழுச்சியால் விழுந்தவர்கள் பத்தில் ஒருவர் அளவுதான்.

உள்ளே இருப்பவர்கள் யார்? மூன்று தரப்பு.

ராணுவத்திடம் ஆயுதம் இருக்கிறது, ஆள்பலம் இருக்கிறது. ஆனால் அதன் முகாம்கள் பெரும்பாலும் தலைநகருக்கு வெளியே, எல்லையோரமாக இருக்கும். ஒரு பட்டாலியனை நகர்த்த டீசல் வேண்டும், குண்டு வேண்டும், உத்தரவு வேண்டும். யார் கண்ணிலும் படாமல் நகர்த்த முடியாது.

உளவுத்துறையிடமும் ரகசியப் போலீஸிடமும் தகவல் இருக்கிறது. யார் யாரிடம் பேசினார், யாருக்கு எங்கே பணம் இருக்கிறது, எந்த ஜெனரலின் மகன் என்ன செய்தான் என்பதெல்லாம் அவர்கள் கோப்பில் இருக்கும். கைது செய்யும் அதிகாரமும் உண்டு. ஆனால் டாங்கிப் படை வந்தால் எதிர்த்து நிற்கும் வலு கிடையாது.

கட்சிக்காரர்களிடம், அதாவது அரசியல்வாதிகளிடம், பட்ஜெட் இருக்கிறது. நியமனக் கையெழுத்து இருக்கிறது. இந்த ஆட்சி ஏன் நியாயமானது என்று நாட்டுக்குச் சொல்லும் வாய் இருக்கிறது. துப்பாக்கி இல்லை.

ஒவ்வொருவரிடமும் மற்ற இருவரிடம் இல்லாத ஒன்று இருக்கிறது. அதனால் ஒருவர் தனியாக மற்ற இருவரையும் வீழ்த்துவது கடினம். இருவர் கைகோத்தால் மூன்றாமவர் தப்புவதும் கடினம். தலைவரின் முழுநேர வேலை எந்த இருவரும் தனக்கு எதிராகக் கைகோக்காமல் பார்த்துக்கொள்வது.

மாஸ்கோ, 1953 முதல் 1964 வரை

இந்த மும்முனைக் கணக்கு எப்படி ஓடுகிறது என்று பார்க்க சோவியத் யூனியனின் பதினோரு ஆண்டுகள் போதும். ஒரே நாட்டில், ஏறக்குறைய அதே ஆட்களுக்கு நடுவில், மூன்று விதமான கூட்டணியும் நடந்திருக்கிறது.

ஸ்டாலின் 1953 மார்ச் 5 அன்று இறந்தார். உடனே அவருடைய ரகசியப் போலீஸ் தலைவராக இருந்த லவ்ரெந்தி பெரியா உள்துறையையும் அரசுப் பாதுகாப்புத் துறையையும் ஒரே அமைச்சகமாக இணைத்துத் தன் கைக்குள் கொண்டுவந்தார். கிரெம்ளின் வாசல் காவல் அவருடைய ஆட்கள். மற்ற தலைவர்களின் மெய்க்காவலரும் அவருடைய துறையிலிருந்து வந்தவர்களே. சக தலைவர்களான குருஷ்சேவும் மாலென்கோவும் தங்களைக் காக்க வேண்டியவர்களுக்குத் தெரியாமல் அவர்களுடைய எஜமானரைப் பிடிக்க வேண்டிய நிலை. அதற்கு அந்த அமைச்சகத்தில் சம்பளம் வாங்காத, துப்பாக்கி பிடித்த ஆட்கள் தேவை. ராணுவத்தைத் தவிர வேறு யாரும் இல்லை.

ஜூன் 26 அன்று கட்சித் தலைமைக் குழுவின் கூட்டம். மார்ஷல் ஷுகோவ், ஜெனரல் மொஸ்கலென்கோ முதலான சில அதிகாரிகள் பாதுகாப்பு அமைச்சர் மட்டத்துக் கார்களில் கிரெம்ளினுக்குள் வந்தார்கள். அந்த வகைக் கார்களைக் காவலர்கள் சோதிப்பதில்லை என்பதால் கைத்துப்பாக்கிகளும் உள்ளே வந்துவிட்டன. கூட்ட அறையை ஒட்டிய அறையில் காத்திருந்தார்கள். உள்ளேயிருந்து மணி அடித்ததும் நுழைந்து பெரியாவைக் கைது செய்தார்கள். ஆனால் வேலை அதோடு முடியவில்லை. கட்டடத்தைச் சுற்றி நின்றவர்கள் அத்தனை பேரும் பெரியாவின் காவலர்கள். வெளியே கொண்டுபோனால் விஷயம் வெடித்துவிடும். எனவே இரவு வரை அவரை உள்ளேயே வைத்திருந்து, காவலை ராணுவம் கைமாற்றிக்கொண்ட பிறகுதான் காரில் ஏற்றி ராணுவச் சிறைக்குக் கொண்டுபோனார்கள். மாஸ்கோவுக்கு அருகிலிருந்த டாங்கிப் படைகள் நகருக்குள் கொண்டுவரப்பட்டன. டிசம்பர் 23 அன்று பெரியா சுட்டுக் கொல்லப்பட்டார். ராணுவமும் அரசியல்வாதிகளும் சேர்ந்து உளவுத்துறையை வீழ்த்திய கதை இது.

நான்கு ஆண்டு கழித்து, 1957 ஜூனில், தலைமைக் குழுவின் பெரும்பான்மை, அப்போது கட்சியின் முதல் செயலாளராக இருந்த குருஷ்சேவை நீக்க முயன்றது. தன்னை நீக்கும் அதிகாரம் மத்தியக் குழுவுக்குத்தான் உண்டு என்று அவர் வாதாடினார். மத்தியக் குழு உறுப்பினர்கள் நாடு முழுக்கச் சிதறிக் கிடந்தார்கள். அவர்களை மாஸ்கோவுக்கு அள்ளிவர ராணுவ விமானங்களைக் கொடுத்தவர் ஷுகோவ், அப்போதைய பாதுகாப்பு அமைச்சர். குருஷ்சேவ் தப்பினார். நன்றி எவ்வளவு நாள் நீடித்தது? நான்கே மாதம். அக்டோபரில் ஷுகோவ் யூகோஸ்லாவியாவிலும் அல்பேனியாவிலும் சுற்றுப்பயணம் செய்துகொண்டிருந்தபோது மாஸ்கோவில் அவருக்கு எதிராக ஏற்பாடு நடந்தது. திரும்பி வந்தபோது பதவி போய்விட்டது. ஒருவரைக் காப்பாற்ற முடிந்த ஆள் அவரைக் கவிழ்க்கவும் முடியும் என்பதே அவர்மேல் இருந்த ஒரே உண்மையான குற்றச்சாட்டு என்று சொல்லலாம்.

1964 அக்டோபரில் குருஷ்சேவின் முறை. கருங்கடல் ஓரம் பித்சுண்டாவில் ஓய்வில் இருந்தவரை அவசரக் கூட்டம் என்று அழைத்தார்கள். மாஸ்கோ விமான நிலையத்தில் வழக்கமாக வரவேற்கும் தலைவர் கூட்டத்தைக் காணோம். வந்து நின்ற முக்கியமானவர் கேஜிபி தலைவர் செமிசாஸ்னி. மெய்க்காவலர்கள் ஏற்கெனவே கேஜிபியின் சொல்படி நடந்துகொண்டிருந்தார்கள். ராணுவம் ஒதுங்கி நின்றது. ஒரு துப்பாக்கிக்கூட வெடிக்காமல் ஆட்சி மாறியது. இம்முறை உளவுத்துறையும் அரசியல்வாதிகளும் ஒரு பக்கம்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். உளவுத்துறைத் தலைவர் பதவி பார்ப்பதற்குத்தான் பயங்கரம். உட்கார்ந்தவருக்கு அதைவிட ஆபத்தான நாற்காலி இல்லை. சோவியத்தில் யகோதா 1938லும், யெஜோவ் 1940லும், பெரியா 1953லும், அபாகுமோவ் 1954லும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். எல்லோருடைய ரகசியமும் தெரிந்த ஒருவரை யாருமே வாழவிட விரும்புவதில்லை. பர்மாவில் ராணுவ உளவுத்துறையைப் பல ஆண்டுகள் நடத்திப் பிரதமராகவே ஆன கின் நியூன்டை 2004 அக்டோபரில் சக ஜெனரல்களே கைது செய்து, அவர் கட்டிய அமைப்பையே கலைத்துப் போட்டார்கள்.

போட்டிப் படை என்னும் உத்தி

ராணுவத்தைத் தலைவர் எப்படிக் கட்டுக்குள் வைப்பது? பலம் கொடுத்தால் கவிழ்த்துவிடும். பலத்தைப் பிடுங்கினால் எதிரி நாடு வந்து அடிக்கும். இந்த இக்கட்டுக்கு ஏறத்தாழ எல்லா ஊர்ச் சர்வாதிகாரிகளும் கண்டுபிடித்த பதில் ஒன்றுதான்: இன்னொரு படை.

ஈரானில் 1979க்குப் பிறகு பழைய ராணுவத்தை நம்பாமல் புரட்சிக் காவல் படையை உருவாக்கினார்கள். சதாம் உசேனின் ஈராக்கில் வழக்கமான ராணுவத்துக்கு மேல் குடியரசுக் காவல் படை, அதற்கும் மேல் சிறப்புக் குடியரசுக் காவல் படை. பாக்தாத் நகருக்குள் இருக்க அனுமதி கடைசிப் படைக்கு மட்டும். சவூதி அரேபியாவில் தேசியக் காவல் படைக்கு ராணுவத்தோடு தொடர்பில்லாத தனி நிர்வாகம். ரஷ்யாவில் 2016ல் புதின் ரோஸ்க்வார்தியா என்ற தனிப் படையை உருவாக்கித் தன் முன்னாள் மெய்க்காவலர் ஸோலோதோவிடம் ஒப்படைத்தார்.

போட்டிப் படையை எங்கே நிறுத்துவது என்பதும் ஒரு நுட்பம். சதி நடக்கும் இடத்திலேயே இருந்தால் அந்தப் படையும் சதியில் சேர்ந்துவிடும். ரொம்பத் தூரத்தில் இருந்தால் வந்து சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். 1806 ஜூலை 10 விடியலுக்கு முன் வேலூர்க் கோட்டையில் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு எதிராக நம் சிப்பாய்கள் எழுந்தபோது அவர்கள் ஏறக்குறைய 1,500 பேர். எதிரே இருந்த 69வது ரெஜிமெண்ட்டின் வெள்ளைக்காரர்கள் நானூறுக்கும் குறைவு. கோட்டை கைக்கு வந்தது, திப்புவின் கொடியும் ஏறியது. ஆனால் குதிரைப் படை வேலூரில் இல்லை, 16 மைல் தள்ளி ஆற்காட்டில் இருந்தது. ஒரே சதிக்குள் இரண்டு முகாமும் வராத தூரம். செய்தி போனதும் காலைக்குள் வந்துவிடுகிற தூரம். அதன் தளபதி கில்லெஸ்பி முதலில் சிலரோடு பாய்ந்து வந்தார். வாசல் மதிலின் மேல் உயிரோடு ஒதுங்கியிருந்த வெள்ளைச் சிப்பாய்கள் விட்ட கயிற்றைப் பிடித்து மேலேறினார். பின்னால் வந்த பீரங்கி கதவை உடைத்தது. முற்பகலுக்குள் கோட்டை மீண்டும் கம்பெனியிடம் போய்விட்டது. கில்லெஸ்பியோடு வந்தவர்களில் மதறாஸ் குதிரைப் படையின் இந்தியர்களும் உண்டு என்பது நெஞ்சை உறுத்தும் உண்மை. போட்டிப் படை என்ற உத்தி வேலை செய்வதே அப்படித்தான். ஒரே மண்ணின் ஆட்களை இரண்டு முகாமாகப் பிரித்து வைத்தால் ஒரு முகாமின் வலி இன்னொரு முகாமுக்குப் போய்ச் சேராது.

அதே சம்பவத்தில் உளவு பற்றியும் ஒரு பாடம் இருக்கிறது. முஸ்தபா பெக் என்ற சிப்பாய் ஜூன் மாதமே சதியைப் பற்றித் தன் மேலதிகாரியிடம் சொல்லிவிட்டார். விசாரிக்கும் பொறுப்பு யாரிடம் போயிற்று? படையின் இந்திய அதிகாரிகளிடம். அவர்கள் அவரைப் பைத்தியம் என்று சொல்லி அடைத்து வைத்தார்கள். தகவல் கிடைப்பதும் அது நம்பப்படுவதும் ஒன்றல்ல. யார் மேல் புகாரோ அவர்கள் வழியாகவே தகவல் மேலே போனால் அது போய்ச் சேராது. இதனால்தான் பிற்காலச் சர்வாதிகாரிகள் ஒரே வேலைக்கு மூன்று நான்கு உளவு அமைப்புகளை வைத்துக்கொண்டார்கள். அசாத் குடும்பத்தின் சிரியாவில் ராணுவ உளவு, விமானப்படை உளவு, அரசியல் பாதுகாப்பு, பொது உளவு என்று நான்கு அமைப்புகள். ஒன்றையொன்று வேவு பார்த்துக்கொண்டிருந்தன. ஹஃபேஸ் அல்-அசாத் விமானப்படையிலிருந்து வந்தவர் என்பதால் விமானப்படை உளவுக்கு விமானங்களோடு தொடர்பில்லாத அதிகாரமெல்லாம் கிடைத்தது.

போட்டிப் படையின் விலை

போட்டிப் படை வந்ததும் ராணுவத்துக்குத் தான் சந்தேகிக்கப்படுகிறோம் என்று புரிந்துவிடும். முதல் கோளாறு அங்கேதான் தொடங்குகிறது. இதற்கு வங்கதேசம் கண் முன் நிற்கும் சான்று. சிகிச்சைக்காக வேலூருக்கு வந்து தங்கும் வங்கதேசத்தவர்களால் வங்காள மொழிப் பலகைகள் இங்கே பழகிப்போனவை. தோட்டப்பாளையத்து லாட்ஜ் வாசலில் பேச்சுக் கொடுத்தால் 1975ஐப் பற்றி ஆளுக்கொரு கருத்து வரும்.

ஷேக் முஜிபுர் ரஹ்மான் 1972ல் ஜாத்திய ரக்கி பாஹினி என்ற துணைப்படையை அமைத்தார். ராணுவத்துக்குக் கிடைக்க வேண்டிய வசதியெல்லாம் அதற்குப் போகிறது என்று ராணுவத்தில் கசப்பு. 1975 ஜனவரியில் அரசியல் சட்டம் திருத்தப்பட்டு ஒரே கட்சி ஆட்சிக்கு வழி திறந்தது. ஆகஸ்ட் 15 அதிகாலை இளநிலை அதிகாரிகள் சிலர், முக்கியமாக மேஜர்கள், டாங்கிகளை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். அந்த டாங்கிகள் எகிப்து பரிசாகக் கொடுத்தவை. அவற்றுக்குப் பீரங்கிக் குண்டு தரப்படவில்லை. சந்தேகத்தால் குண்டைத் தனியே வைப்பதும் தற்காப்பு உத்திகளில் ஒன்று. ஆனால் டாங்கிக்குள் குண்டு இருக்கிறதா இல்லையா என்று எதிரில் நிற்பவனுக்கு எப்படித் தெரியும்? ரக்கி பாஹினியின் முகாம் எதிரே குண்டில்லாத டாங்கிகள் நின்றன. ஆயிரக்கணக்கில் ஆள் வைத்திருந்த அந்தப் படை அசையவில்லை. தான்மண்டி 32ஆம் எண் சாலை வீட்டில் முஜிபும் அவர் குடும்பத்தினரும் கொல்லப்பட்டார்கள். போட்டிப் படை கடைசியில் ராணுவத்தோடு இணைக்கப்பட்டுவிட்டது. தலைவரைக் காக்க வந்த படை தலைவர் மேல் வெறுப்பை மட்டும் சேர்த்துக் கொடுத்தது.

இதில் இன்னொரு விஷயமும் தெரிகிறது. தளபதிகளை மட்டும் விலைக்கு வாங்கினால் போதாது. தளபதிக்கு மாளிகையும் தொழிலும் கிடைத்திருக்கும். கவிழ்ப்பால் அவருக்கு இழப்புதான். நேரடியாக ஆட்களை வைத்திருப்பவர்கள் மேஜரும் கர்னலும். இந்த மட்டத்தில்தான் கோபமும் இருக்கும், எண்ணூறு பேர் கொண்ட பட்டாலியனும் இருக்கும். வீட்டுக்கு வீடு ராணுவக்காரர் இருக்கும் கம்மவான்பேட்டை பக்கத்தில் இதைச் சொன்னால் உடனே புரிந்துகொள்வார்கள்: ஜவானுக்குத் தெரிந்த முகம் ஜெனரல் அல்ல, கம்பெனி கமாண்டர்.

சூடானின் கதை இன்னும் கொடுமை. ஓமர் அல்-பஷீர் டார்ஃபூரில் கொலைவெறி ஆடிய ஆயுதக் கும்பல்களிலிருந்து 2013ல் ஆர்எஸ்எஃப் என்ற படையை உருவாக்கினார். ராணுவத்துக்கு எதிர்ப்பாரமாக இருக்கும் என்று கணக்கு. 2019 ஏப்ரல் 11 அன்று ராணுவமும் அந்தப் படையும் சேர்ந்தே அவரைத் தூக்கி எறிந்தன. 2021 அக்டோபரில் இரண்டும் சேர்ந்து சிவிலியன்களையும் வெளியேற்றின. மூன்றாவது தரப்பு போனதும் மீதி இரண்டுக்கும் நடுவில் யாரும் இல்லை. ஆர்எஸ்எஃப்பை ராணுவத்தோடு இணைக்க எவ்வளவு காலம் என்று தகராறு. ராணுவம் இரண்டு ஆண்டு என்றது, ஆர்எஸ்எஃப் பத்து ஆண்டு என்றது. 2023 ஏப்ரல் 15 அன்று கார்ட்டூமில் சண்டை வெடித்தது. ஒரு கோடிக்கும் மேற்பட்ட மக்கள் வீடிழந்தார்கள். தலைவர் போன பிறகும் அவர் உருவாக்கிய போட்டி அவரோடு போகவில்லை.

போர்க்களத்தில் வரும் கேடு வேறு வகை. அண்டை படைப்பிரிவோடு பேசக்கூட மேலிடத்து அனுமதி வேண்டும் என்றால் சதி செய்ய முடியாதுதான். சண்டையும் போட முடியாது. ஈரானோடு நடந்த போரில் சதாம் முதலில் எல்லாவற்றையும் தன் கையில் வைத்திருந்தார். 1986 பிப்ரவரியில் ஈராக்கின் ஃபாவ் தீபகற்பம் பறிபோனது. வேறு வழியில்லாமல் ஜெனரல்களுக்கு முடிவெடுக்கும் உரிமையும் ஒழுங்கான பயிற்சிக்கு அனுமதியும் கொடுத்தார். 1988 ஏப்ரலில் அதே ஃபாவை இரண்டு நாளுக்குள் மீட்டார்கள். போர் முடிந்தது. ஜெயித்துக் கொடுத்த தளபதிகள் நாட்டில் பிரபலமாகிவிட்டார்கள், அதனாலேயே ஒவ்வொருவராக ஓரம் கட்டப்பட்டார்கள். ஆபத்து வெளியே இருந்தால் கயிறு தளரும், ஆபத்து நீங்கினால் இறுகும். இந்த ஏற்ற இறக்கத்தைப் பல நாடுகளில் பார்க்கலாம்.

விசுவாசி என்று நம்பி வைக்கும் ஆள்

தளபதி பதவிக்கு மூத்தவர்களைத் தாண்டி இளையவர் ஒருவரைக் கொண்டுவந்தால் அவர் நன்றியோடு இருப்பார் என்ற நம்பிக்கை எல்லாத் தலைவர்களுக்கும் வருகிறது. பாகிஸ்தான் அதைப் பொய்யாக்கிக்கொண்டே இருக்கிறது. 1976ல் பூட்டோ பல மூத்த ஜெனரல்களைத் தாண்டி ஜியா உல் ஹக்கைத் தேர்ந்தெடுத்தார். 1977 ஜூலை 5 அன்று ஜியா ஆட்சியைப் பிடித்தார். 1979 ஏப்ரல் 4 அன்று பூட்டோ தூக்கிலிடப்பட்டார். 1998ல் நவாஸ் ஷெரீப் அதே போல முஷாரஃபைக் கொண்டுவந்தார்.

1999 அக்டோபர் 12 நடந்தது மும்முனைக் கணக்கின் இன்னொரு பாடம். நவாஸ் தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதமர், சர்வாதிகாரி அல்ல. ஆனாலும் கணக்கு அதே கணக்கு. முஷாரஃப் கொழும்பிலிருந்து விமானத்தில் திரும்பிக்கொண்டிருந்த நேரம் பார்த்து அவரை நீக்கி, ஐஎஸ்ஐ தலைவர் ஜியாவுதீன் பட்டைத் தளபதியாக அறிவித்தார். உளவுத்துறையும் அரசியல்வாதியும் கைகோத்தாயிற்று. ஆனால் ராவல்பிண்டியில் இருந்த ஜெனரல்கள் புதியவரைத் தளபதியாக ஏற்கவில்லை. தலைநகரை ஒட்டியிருந்த 111வது பிரிகேட் தொலைக்காட்சி நிலையத்தையும் பிரதமர் வீட்டையும் பிடித்தது. அதே நேரம் கராச்சியில் முஷாரஃபின் விமானத்தை இறங்கவிடாமல் ஓடுபாதையை மறித்திருந்தார்கள். ஏறக்குறைய இருநூறு பயணிகளோடு அது வானத்தில் சுற்றியது. ராணுவம் விமான நிலையத்தைக் கைப்பற்றி விமானத்தை இறக்கியபோது எரிபொருள் தீரச் சில நிமிடங்களே இருந்தன. நவாஸ் தோற்றதற்குக் காரணம் நேரம் தவறியது அல்ல. ஐஎஸ்ஐயிடம் தகவல் இருந்தது, இஸ்லாமாபாத்துக்குள் வரும் படை இல்லை.

கூட்டம் கூடும்போது

உள்ளே நடக்கும் இந்த இழுபறியில் மக்கள் நுழைவது ஒரு கேள்வி வழியாக: சுடச் சொன்னால் சுடுவார்களா? போலீஸும் ரகசியப் போலீஸும் ஆட்சியோடு கையை நனைத்தவர்கள். ஆட்சி போனால் வழக்கு அவர்கள் மேல் வரும். ராணுவத்துக்கு அடுத்த ஆட்சியிலும் வேலை உண்டு. அதனால் ராணுவம் கணக்குப் போடும். எகிப்தில் 2011 ஜனவரி 28 அன்று போலீஸ் தெருவை விட்டு ஓடியதும் ராணுவம் வந்தது, ஆனால் கூட்டத்தின் மேல் சுடவில்லை. பிப்ரவரி 11 அன்று முபாரக் போனார். போனது அவர்தான், ராணுவம் அல்ல. அன்றே ஆட்சிப் பொறுப்பு அதன் கைக்குப் போனது, இரண்டரை ஆண்டுக்குள் தேர்ந்தெடுக்கப்பட்ட ஜனாதிபதியையும் அது நீக்கியது. டாக்காவில் 1990 டிசம்பரில் எர்ஷாத் விழுந்ததும் 2024 ஆகஸ்ட் 5 அன்று ஷேக் ஹசீனா ஹெலிகாப்டரில் கிளம்பியதும் ராணுவம் பின்னால் நிற்க மறுத்த பிறகுதான்.

வாரிசுச் சண்டை இன்னொரு ஆபத்தான தருணம். தலைவர் படுத்துவிட்டால் மூன்று தரப்புக்கும் ஒரே நேரத்தில் பயம் வரும். சிரியாவில் 1983ல் ஹஃபேஸ் நோயில் விழுந்ததும் சொந்தத் தம்பி ரிஃபாத்தின் தனிப்படை டமாஸ்கஸில் ராணுவத்துக்கு எதிரே டாங்கிகளை நிறுத்தியது. எழுந்து வந்த அண்ணன் அவரைத் துணை ஜனாதிபதி ஆக்கிப் படையைப் பிடுங்கி நாட்டை விட்டு அனுப்பினார். வேலூருக்கும் இது தெரிந்த கதைதான். 1614ல் விஜயநகரத்து வேங்கடபதி ராயர் இறந்தபோது, அவர் கைகாட்டிய ஸ்ரீரங்கனையும் குடும்பத்தையும் ஜக்கராயன் இதே கோட்டையில் அடைத்து வைத்துக் கொன்றான். ஸ்ரீரங்கனுக்கு விசுவாசமாக இருந்த யாசம நாயக்கரின் ஆட்கள் வண்ணார் ஒருவர் உதவியால் அவர் மகன்களில் ஒருவனை மட்டும் வெளியே கொண்டுவந்தார்கள். அந்தச் சிறுவனுக்காகத் தோப்பூரில் பெரும்போர் நடந்தது.

இந்தியாவில் ஏன் இது நடக்கவில்லை என்ற கேள்வி வரும். காரணம் பல. அமைப்பில் ஒன்று: 1947ல் முப்படைக்கும் பொதுவான படைத் தலைமைத் தளபதி என்ற ஒற்றைப் பதவியை எடுத்துவிட்டு முப்படைக்கும் தனித்தனித் தளபதிகளை வைத்தார்கள். துணை ராணுவப் படைகளில் பெரும்பாலானவை உள்துறையின் கீழ், உள்நாட்டு உளவு அமைப்பான ஐபியும் உள்துறையின் கீழ், வெளிநாட்டு உளவு அமைப்பான ‘ரா’ அமைச்சரவைச் செயலகத்தின் கீழ். பிரித்து வைப்பது சர்வாதிகாரிகள் மட்டும் செய்வதல்ல. ஒரு ஆளைக் காக்கப் பிரிக்கிறார்களா, ஓட்டைக் காக்கப் பிரிக்கிறார்களா என்பதில்தான் வித்தியாசம்.

செய்தியை எப்படிப் படிப்பது

ஏதாவது ஒரு நாட்டில் குழப்பம் என்று செய்தி வந்தால், தலைவர் என்ன பேசினார் என்பதை விட்டுவிட்டு வேறு சிலவற்றைத் தேடுங்கள். தலைநகருக்குள் இருக்கும் படை எது, அதன் தளபதி யாருக்கு நேரடியாகப் பதில் சொல்கிறார்? மெய்க்காவல் பிரிவின் தலைவர் சமீபத்தில் மாற்றப்பட்டாரா? ஒரு படையை இன்னொன்றோடு இணைக்கும் உத்தரவு, தனிப்படையைக் கலைக்கும் உத்தரவு, இவை வெறும் நிர்வாகச் செய்திபோல உள்பக்கத்தில் வரும். பெரும்பாலும் வெடிக்கும் இடம் அதுவே. சம்பளம் எங்கிருந்து வருகிறது என்பதும் முக்கியம். தங்கச் சுரங்கம், துறைமுகம் என்று சொந்த வருமானம் உள்ள படை பட்ஜெட்டுக்குக் கட்டுப்படாது.

2023 ஜூனில் ரஷ்யாவில் நடந்ததை இப்படிப் படித்துப் பாருங்கள். பிரிகோஷினின் வாக்னர் என்ற தனியார் படைக்கும் பாதுகாப்பு அமைச்சர் ஷோய்குவுக்கும் மாதக்கணக்கில் பகை. ஜூன் 10ஆம் தேதி வாக்கில் ஒரு உத்தரவு: தன்னார்வப் படைகள் எல்லாம் ஜூலை 1க்குள் அமைச்சகத்தோடு ஒப்பந்தம் போட வேண்டும். பிரிகோஷினுக்கு அதன் பொருள் சொந்தப் படை போய்விடும் என்பதே. ஜூன் 24 அன்று அவர் ஆட்கள் ரோஸ்தோவில் தென் ராணுவ மண்டலத் தலைமையகத்தைப் பிடித்தார்கள். ஒரு வாகன வரிசை மாஸ்கோவுக்கு ஏறக்குறைய 200 கிலோமீட்டர் வரை போய் நின்று திரும்பியது. வழியில் பெரிதாக யாரும் தடுக்கவில்லை, ஆனால் எந்த ராணுவப் பிரிவும் அவரோடு சேரவும் இல்லை. தனியாக நின்ற தரப்பு அங்கேயே தோற்றுவிட்டது. ஆகஸ்ட் 23 அன்று பிரிகோஷின் விமானத்தோடு விழுந்து இறந்தார். அவருக்கு நெருக்கமானவர் என்று பேசப்பட்ட ஜெனரல் சுரோவிகின் அதே மாதம் பதவி இழந்தார். ரோஸ்க்வார்தியாவுக்குக் கனரக ஆயுதங்கள் தரப்போவதாக அறிவிப்பு வந்தது. 2024 மே மாதம் ஷோய்குவும் பாதுகாப்பு அமைச்சகத்திலிருந்து நகர்த்தப்பட்டார். அந்த இடத்துக்கு வந்த பெலோசோவ் ராணுவத்திலிருந்தும் வந்தவர் அல்ல, உளவுத்துறையிலிருந்தும் வந்தவர் அல்ல. பொருளாதார நிபுணர், தன்னுடையது என்று சொல்ல அவரிடம் ஒரு படையும் கிடையாது.